மூன்று வாரப் பத்தியம்

சென்ற வாரம் நாம் விடைபெற்றபோது, டாக்டருக்குக் கடிதம் எழுதப்போவதாக அறிவித்துவிட்டு, கோடு போடாத வெள்ளைத்தாள் வாங்கிவர மகனை ஜீப்போடு கடைக்கு விரட்டிக்கொண்டிருந்தார் லட்சுமணன். தாள் வந்தது. கடிதமும் முடிந்தது. நான்கு பக்கம்.

மலைமேல், புதூர்நாட்டிலிருந்து இரண்டு மேடு தள்ளியிருக்கும் தன் வீட்டு வாசலில், வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நின்றபடி அதை அவர் உரக்கப் படித்தார்.

"அனுப்புநர், மு. லட்சுமணன், கூட்டுறவுச் சங்க எழுத்தர், ஓய்வு. பெறுநர், உயர்திரு குடல் மருத்துவர் அவர்கள், திருப்பத்தூர். பொருள், மருமகளின் வயிற்றுக் கோளாறு, தக்க நடவடிக்கை கோருதல் தொடர்பாக. பார்வை ஒன்று, எனது மனைவியின் வாய்மொழித் தகவல்."

அடுப்படியிலிருந்து மங்கம்மாளின் தலை எட்டிப் பார்த்தது.

"என்னிய எதுக்குங்க அதுல இழுக்கிறீங்க?"

"பார்வை இல்லாத கடுதாசிய எந்த ஆபீசுலயும் கையால தொட மாட்டான். ஒனக்கு இன்னா தெரியும்?"

மங்கம்மாளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. நோயாளியான மருமகள் அருணா இந்தக் கடிதத்துக்குள் நுழைவதே நான்காம் பக்கத்தில்தான். முதல் மூன்று பக்கங்கள் லட்சுமணனின் சேவைக் காலத்துக்கே போதவில்லை.

அருணா இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடம். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. கடைசி இரண்டு வருடமாக வயிறு ஊதுகிறது; விடிந்தால் மூன்று தடவை, நான்கு தடவை கொல்லைக்கு ஓடுகிறாள்; வாயெல்லாம் புண். நாற்பத்தொரு கிலோ இருந்தவள் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டாள். இரும்புச்சத்து மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. ஆனால் நெல்லிவாசலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனால் பத்தே நாளில் முகம் தெளிந்துவிடும்.

மாமியார் வீட்டில் சீக்கு, தாய்வீட்டில் சுகம். இதை நடிப்பு என்று முதலில் முடிவு கட்டியவள் மங்கம்மாள்தான். அந்த முடிவை நினைத்து இப்போது தனக்குள் குறுகுகிறவளும் அவள்தான்.

வித்தியாசம் சப்பாத்தியில் இருந்தது. அந்த மலையில் கோதுமை ஒரு பிடி விளையாது. அதனாலேயே லட்சுமணன் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. பத்து வருடத்துக்கு முன் சர்க்கரை வந்தபோது "சோத்த கொறைங்க" என்றார் ஒரு டாக்டர். லட்சுமணன் காதில் அது "அந்தஸ்தை உயர்த்துங்க" என்று விழுந்தது. அன்று முதல் அந்த வீட்டில் ராத்திரி சப்பாத்தி. அவருக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். சாமைச் சோறு ஆக்குகிற ஊரில் சப்பாத்தி சுடுகிற ஒரே வீடு என்பதை அவர் மகனின் வாடகை ஜீப்பில் ஏறுகிற முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். சாமை ஏழைகள் தின்பதாம். அதே சாமையைச் சென்னையிலிருந்து காரில் வந்து மூட்டையாக வாங்கிப்போகிறவர்களைப் பார்த்து அவர் பரிதாபப்படுவார்.

பெண் தாய்வீட்டில் தின்பது சாமையும் கேழ்வரகுக் களியும். இங்கே தின்பது கோதுமை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தது டாக்டர் இல்லை, மாமனார் இல்லை, அருணாவேதான். சுகாதார நிலையத்து நர்சு செவ்வந்தியிடம் போய்ச் சொன்னாள். "சீலியாக்குன்னு ஒன்னு கீது. கோதுமை ஒத்துக்காம கொடல் புண்ணாயிடும். ஒனக்கு அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். பெரிய டாக்டர கேக்கலாம். அதுக்குள்ள தின்றது, வயிறு பண்றது, எல்லாத்தியும் எழுதி வை" என்றாள் செவ்வந்தி. சில மாதம் எழுதிக் காட்டிய பிறகு, வியாழக்கிழமைதோறும் வெளியூரிலிருந்து திருப்பத்தூருக்கு வரும் குடல் டாக்டரிடம் நாளும் குறித்துக் கொடுத்தாள்.

அந்த நாள்தான் இன்று.

"அத்த, இன்னொரு தபா கேளுங்க" என்றாள் அருணா.

மங்கம்மாள் துண்டை ஸ்டெதஸ்கோப் மாதிரி கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டாள். இதோடு நான்காவது ஒத்திகை.

"உக்காரும்மா. இன்னா ஒனக்கு?"

"ரெண்டு வருசமா வயித்தால போவுதுங்க. நாளிக்கு மூணு நாலு தபா. வெளுப்பா, நொரையா, நாத்தமா போவுது. தண்ணி ஊத்தினாலும் மெதக்குது."

அருணா இதைத் தலை நிமிர்ந்தே சொன்னாள். முதல் ஒத்திகையில் "நொரை" என்ற சொல்லோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவள். லட்சுமணனின் நான்காம் பக்கம் இதையே "இயற்கை உபாதையில் சில மாறுபாடுகள்" என்று எழுதியிருந்தது. அதை வைத்து டாக்டர் மழை வருமா என்றுகூடச் சொல்ல முடியாது.

"எது தின்னா ஆவுது?"

அருணா மடியிலிருந்து தாளை எடுத்தாள். நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். இடது பக்கம் தேதி, நடுவில் தின்றது, வலது பக்கம் ஆனது. மங்கம்மாளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனாலும் கட்டம் கட்டமாக அது நிற்கிற அழகு அவளுக்குப் புரிந்தது. 'மூணு சப்பாத்தி. விடிகாலை நாலு தடவை.' 'பிஸ்கட்டு, டீ. வயிறு உப்பல், மூணு மணி நேரம்.' 'அம்மா வீடு, பத்து நாள், சாமை. ஒரு தடவைதான், கட்டியாக.' 'புரோட்டா, சந்தையில். வாந்தி.' கீழே எடை, மாதாமாதம். அதற்குக் கீழே டாக்டரிடம் கேட்க மூன்றே கேள்வி.

"எம்மா! ரேசன் கடைக்காரன்கூட இவ்ளோ ஒழுங்கா எழுத மாட்டான்" என்றாள் மங்கம்மாள்.

"டாக்டர் இப்படியா பேசுவாரு?" என்றாள் அருணா.

"பொம்பள டாக்டராம். பேசினாலும் பேசும்."

இருவரும் சிரித்தார்கள். மங்கம்மாளுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, கண்ணில் வெளிச்சம் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் அவளே. டாக்டரைப் பார்க்க நாள் குறித்த அன்றே மருமகளுக்கு அவள் பத்தியம் போட்டுவிட்டாள்.

மலையில் அதுதான் முறை. வேர் கொடுக்கும் வைத்தியரிடம் போவதானாலும் சரி, ஊசி போடும் டாக்டரிடம் போவதானாலும் சரி, முன்கூட்டியே வாயைக் கட்டி வயிற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். விருந்தாளி வரும் முன் வீட்டைப் பெருக்குவதில்லையா? அழுக்கு வயிற்றில் மருந்து பிடிக்காது. ஆக, மூன்று வாரமாக அருணாவுக்குச் சாமைக் கஞ்சி, கீரை, மோர். சப்பாத்தியின் வாசம்கூடக் கிடையாது. லட்சுமணன்கூட அதற்குத் தலையசைத்தார். நான்காம் பக்கத்திலேயே எழுதினார்: 'எனது நேரடி மேற்பார்வையில் கடந்த மூன்று வாரமாகப் பத்தியம் கண்டிப்புடன் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.'

ஏழு மணிக்கு ஜீப் கிளம்பியது. ஓட்டினவன் அருணாவின் புருஷன் தனசேகரன். பேச்சைக் குறைத்து ஹாரனில் பேசுகிறவன். முன் சீட்டில் லட்சுமணன், மடியில் கடிதம். பின்னால் பெண்கள் இருவரும்.

சுகாதார நிலையத்து வாசலில் செவ்வந்தி பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு நின்றிருந்தாள். கீழே படவேட்டுப் பக்கத்துப் பெண். மலைக்கு வந்து ஆறு வருடமாகியும் பேச்சில் சமவெளியின் வேகம் குறையவில்லை.

"எல்லாத்தியும் தேதி வாரியா அடுக்கி வெச்சிக்கிறேன். மேல புதுசு, கீழ பழசு. டாக்டர் கேட்டா மட்டும் குடு." பிறகு அருணாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னாடி இது, மூஞ்சி இவ்ளோ தெளிவா கீது?"

மங்கம்மாள் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினாள். "நான்தாம்மா. மூணு வாரமா பத்தியம். கோதுமைய கண்ணுல காட்டல."

செவ்வந்தியின் கை தாடையிலேயே நின்றுவிட்டது.

"அய்யோம்மா. யாரு உங்கள நிறுத்த சொன்னது?"

"டாக்டர பாக்க போறோமே?"

"அதுக்குதாம்மா நிறுத்தக்கூடாது! சீலியாக்குக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதன இன்னா பாக்குதுன்னா, கோதுமைய ஒடம்பு எதிர்க்குதா இல்லியான்னு பாக்குது. கோதுமையே உள்ள போவலன்னா ஒடம்பு எத எதிர்க்கும்? வியாதி இருந்தும் இல்லன்னு சீட்டு வந்துடும்." தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். "நான் அன்னிக்கே சொல்லிக்கணும். என் தப்பு."

மங்கம்மாள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இல்லையென்று ஒரு சீட்டு வந்துவிட்டால்? ஊர் மறுபடியும் நடிப்பு என்று சொல்லும். பெண் மறுபடியும் சப்பாத்தி தின்பாள், மறுபடியும் இரும்பு மாத்திரை விழுங்குவாள், முப்பத்தெட்டு முப்பத்தாறாகும். ஒருமுறை தன் வாயாலேயே நடிப்பு என்று சொன்னது போதாதென்று, நம்பத் தொடங்கிய பிறகு தன் கையாலேயே சாட்சியை அழித்தாயிற்று.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் லட்சுமணன்.

அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். செவ்வந்தியின் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், ஒயிட்னர் கீதா?"

நான்காம் பக்கத்தில் 'எனது நேரடி மேற்பார்வையில்' தொடங்கி 'வருகிறது' வரை வெள்ளைப் பூச்சு ஏறியது. ஊதி ஊதிக் காய வைத்தார். இருபத்தெட்டு வருட அனுபவம். பூசினது தெரியவே இல்லை.

ஜீப் மறுபடி கிளம்பி மூன்று வளைவு இறங்குவதற்குள் மங்கம்மாள் இரண்டு தடவை மூக்கைச் சிந்திவிட்டாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்த அருணா திடீரென்று முன் சீட்டைத் தட்டினாள்.

"இன்னாங்க, கொஞ்சம் ஓரங்கட்டுங்க."

தனசேகரன் நிறுத்தினான். "வாந்தி வர்தா?"

"இல்ல. வண்டி ஆடினா எழுத வராது. மாமா, பேனா குடுங்க."

லட்சுமணன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "எதுக்கு?"

"மேல எழுதணும். மூணு வாரமா கோதுமைய நிறுத்திட்டோம்னு."

"பைத்தியமா ஒனக்கு? போன ஒடனே தப்ப ஒத்துக்கினா டாக்டரு நம்மள மதிக்குமா? படிச்ச குடும்பம்னு நான் மூணு பக்கம் எழுதிக்கிறேன்!"

"மதிக்கலன்னா போவட்டும் மாமா. வியாதி தெரிஞ்சா போதும்."

லட்சுமணன் வேறு வழி தேடினார். ஆபீசில் இருந்தவருக்கு வழி கிடைக்காமல் போகாது.

"ஒன்னு பண்ணலாம். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட எறங்கி பத்து புரோட்டா தின்னுட்டு உள்ள போ. மூணு வாரத்துக்கும் சேத்து ஆயிடும்."

ஜீப்பே சிரித்திருக்கும். அருணா சிரிக்கவில்லை, பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, மூணு வாரம் வராதவன் ஒரே நாள்ல எல்லா கையெழுத்தும் போட்டா உங்க ஆபீசுல ஒத்துப்பாங்களா?"

லட்சுமணன் யோசித்தார். நேர்மையான மனிதர் சில சமயம்.

"எங்க ஆபீசுல ஒத்துப்பாங்க" என்றார்.

தனசேகரன் தன் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பென்சிலை எடுத்துப் பின்னால் நீட்டினான். "நைனா, நீங்க சும்மா இருங்க" என்றான். ஐந்து வருடத்தில் அப்பாவிடம் அவன் பேசிய மிக நீளமான எதிர்ப்பு அது. லட்சுமணன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கத் தொடங்கினார்.

தாளின் தலைமாட்டில் இருந்த கொஞ்சம் இடத்தில் அருணா எழுதினாள். எழுதியதை மங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினாள்.

"'இன்றோடு இருபத்தோரு நாளாகக் கோதுமை சாப்பிடவில்லை. பரிசோதனைக்கு அது கூடாதென்று இன்று காலைதான் தெரிந்தது. இந்த இருபத்தோரு நாளில் வயிறு சரியாக இருந்தது. எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது.' சரியா அத்த?"

"யாரு நிறுத்தினதுன்னு எழுதலியே."

"அத கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம். அழாதீங்க. நீங்க கஞ்சி ஊத்தினதாலதான் எனக்கே கொஞ்சம் நம்பிக்க வந்துது. நானும் நடிக்கிறனோன்னு சில நாளு எனக்கே தோணும்."

மங்கம்மாளுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. இவ்வளவு நாள் இதை உள்ளே வைத்துக்கொண்டா சப்பாத்தி தேய்த்தாள் இந்தப் பெண்?

திருப்பத்தூரில் அந்த மருத்துவமனை வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். லட்சுமணன் இரண்டு தடவை தலை சீவினார். பக்கத்தில் இருந்தவரிடம், மலையில் சப்பாத்தி சுடுகிற ஒரே வீடு என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்தப் பெருமை இன்று எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியவில்லை.

"அருணா தனசேகரன்!"

நால்வரும் எழுந்தார்கள். கதவருகே நின்ற பெண் கையை நீட்டித் தடுத்தாள். "கூட ஒருத்தர்தான்."

லட்சுமணன் கடிதத்தை நெஞ்சோடு அணைத்து ஒரு அடி முன்னால் வைத்தார். தனசேகரன் மனைவியைப் பார்த்தான். அருணா திரும்பினாள்.

"அத்த, நீங்க வாங்க."

"நானா?"

"நாலு தபா டாக்டரா இருந்தவங்க நீங்கதான?"

உள்ளே டாக்டர் நிவேதாவுக்கு வயது நாற்பது இருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லை, மேசையில் கிடந்தது. மங்கம்மாளுக்கு அதிலேயே பாதி தைரியம் போய்விட்டது.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

அருணா சொன்னாள். நுரையையும் நாற்றத்தையும் மிதப்பதையும் குரல் நடுங்காமல் சொன்னாள். தங்காமல் போன இரண்டையும் தேதியோடு சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தாளை நீட்டினாள்.

டாக்டர் முதல் வரியைப் படித்தார். நிமிர்ந்தார். மறுபடி கீழே போய்க் கடைசிவரை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தாங்க."

"கோதுமையை நிறுத்தச் சொன்னது?"

அருணா வாயைத் திறக்கும் முன் மங்கம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தாங்க. இவ மேல ஒன்னும் இல்ல. டாக்டராண்ட வர்றதுன்னா பத்தியமா வரணும்னு எங்க பக்கம் ஒரு இது. எனக்கு தெரியாதுங்க."

"உட்காருங்கம்மா. நிறுத்திட்டு வர்றவங்க நிறையப் பேர். அதை முதல் வரியில எழுதிட்டு வர்றவங்கள நான் அதிகமா பார்த்ததில்ல." டாக்டர் தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். "இல்லன்னா இன்னிக்கே ரத்தம் எடுத்து, ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருப்பேன். அருணா, நிறுத்தினதும் சரியாச்சுங்கறது ஒரு தகவல்தான். அதை மட்டும் வெச்சு சீலியாக்னு சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். உறுதியாத் தெரியணும்னா மறுபடியும் கோதுமை சாப்பிடணும். தினமும், சில வாரம். அப்புறம் ரத்தம். தேவைப்பட்டா வாய் வழியா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்போம்."

"தின்னா மறுபடியும் அதே மாதிரி ஆவுங்களா?"

"ஆகலாம். உங்களால முடியாதுன்னா வேற வழி யோசிப்போம்."

அருணா தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றரைக் கிலோ கூடிய கைகள்.

"தின்றேங்க" என்றாள். "தெரியாம பாதி உசிரோட இருக்கிறதுக்கு, தெரிஞ்சிக்கிறதுக்கு கொஞ்ச நாளு கஷ்டப்படறேன்."

அந்தச் சப்பாத்தியைச் சுட்டுப்போட வேண்டியவள் மங்கம்மாள். வயிற்றைக் கெடுக்கும் என்று தெரிந்தே, தினமும், தன் கையால். இந்தப் பெண் துணிகிற துணிச்சலில் பாதியாவது தனக்கு இருக்குமா என்று அவள் யோசித்தாள். இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

டாக்டர் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்க விட்டுட்டேன். கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

அருணா தாளைப் பார்த்தாள். தின்ற பிஸ்கட்டுக்குக்கூட அதில் தேதி இருந்தது.

"எனக்கு எப்பவுமே முன்ன பின்ன ஆவுங்க. ரெண்டு மாசம்கூட தள்ளும். அதனால குறிக்கல."

"உடம்பு இளைச்சா அப்படி ஆகும். உத்தேசமாச் சொன்னாலும் போதும்."

அருணாவுக்கு நினைவு வரவில்லை. மங்கம்மாளுக்கு வந்தது. அந்த மூன்று நாளும் மருமகள் அடுப்பைத் தொடமாட்டாள். சமையல் மொத்தமும் மாமியார் தலையில் விழும். பத்தியம் போட்ட இருபத்தோரு நாளில் ஒருநாள்கூட அருணா அடுப்படியை விட்டு நகரவில்லை. அதற்கு முன்? அதற்கு முன்னும் இல்லை. மங்கம்மாள் விரலை மடக்கினாள், பிரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"புளியம்பழம் உலுக்கின வாரங்க" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போய்விட்டது. "அப்புறம் ரெண்டு அமாவாச போயிடுச்சி."

அருணாவின் கை மேசைக்கடியில் வந்து மாமியாரின் மணிக்கட்டைப் பற்றியது. பிடி இறுகியது.

டாக்டர் பேனாவை மூடினார். எழுதிய பாதிச் சீட்டைக் கிழித்து ஓரமாக வைத்தார்.

"சப்பாத்தியை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். "முதல்ல வேற ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம்."